பக்கம் 112 எங்கே? வாசிப்புக் கருவிக்குச் சென்னை வாசகர்கள் கேட்ட திருத்தங்கள்

சென்னையில் பார்வையற்ற வாசகர்கள் சிலர் சேர்ந்து, தாங்கள் தினமும் பயன்படுத்தும் வாசிப்புக் கருவியில் என்னென்ன மாற வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டியல் தயாரிப்பு நிறுவனத்துக்குப் போனது. சில கோரிக்கைகள் நிறைவேறின. சிலவற்றுக்கு முடியாது என்று பதில் வந்தது. மீதி, பாதிக்கு மேல் என்றே சொல்லலாம், கருவி செய்தவர் தீர்க்கக்கூடிய விஷயமே அல்ல. அவை போக வேண்டிய முகவரி வேறு. அந்த முகவரி எப்படிப் பிடிபட்டது என்பதைத்தான் இந்த ஆய்வு சொல்கிறது. பட்டியலைத் தட்டச்சு செய்துகொடுத்த தன்னார்வலன் நான். நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று குழு கேட்டுக்கொண்டதால் இரண்டும் இங்கே இருக்காது.

கருவியும் அதை வைத்திருப்பவர்களும்

கருவி உள்ளங்கையில் அடங்கிவிடும். திரை கிடையாது. பழைய பொத்தான் போனில் இருப்பதுபோல 12 எண் பொத்தான்கள், கீழே ஓட்டவும் நிறுத்தவும் முன்னே பின்னே நகரவும் சில பொத்தான்கள், பக்கவாட்டில் ஒலி அளவும் வேகமும், அடியில் மெமரி கார்டு. டெய்சி ஒலிநூல், எம்.பி.3, இபப் மின்னூல், வெறும் எழுத்துக் கோப்பு எல்லாவற்றையும் ஏற்கும். எழுத்தாக இருந்தால் உள்ளே இருக்கும் செயற்கைக் குரல் வாசிக்கும்.

டெய்சி என்பது பார்வையற்ற வாசகர்களுக்காகவே உருவான ஒலிநூல் வடிவம். பேசும் புத்தகங்களைக் கேசட்டில் பதிந்து தந்துகொண்டிருந்த பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து 1996-இல் தொடங்கிய டெய்சி கூட்டமைப்பு இதை உலகத் தரமாக வளர்த்தது. கேசட்டில் ஐந்தாம் அத்தியாயம் வேண்டுமென்றால் நாடாவை ஓட்டி ஓட்டிக் காதால் தேட வேண்டும். டெய்சி நூலில் அத்தியாயம், உட்தலைப்பு, பக்கம் என்று தாவலாம். ஆனால் புத்தகத்தைச் செய்தவர் அந்த அடையாளங்களை உள்ளே வைத்திருந்தால்தான் தாவ முடியும். நம் கதையில் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

‘போனே எல்லாம் வாசிக்கிறதே, இது எதற்கு?’ என்று பார்வையுள்ளவர்கள் தவறாமல் கேட்பார்கள். கேட்பவர் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, தாம்பரம் வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, வியர்த்த விரலால் தொடுதிரையில் ஒரு பத்தி பின்னே போய்ப் பார்க்கட்டும். இந்தக் குழுவில் எல்லாரிடமும் போன் இருக்கிறது, நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் போனில் அழைப்பு வரும், வாட்ஸ்அப் வரும், சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீரும். படிப்பதற்கென்று தனியாக ஒன்று இருந்தால் நிம்மதி என்பது அவர்கள் கட்சி.

குழு என்றாலும் பதிவு செய்த அமைப்பு அல்ல. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்லி பிரிவில் பழக்கமானவர்கள், பூந்தமல்லி பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள், அவர்கள் கூட்டி வந்தவர்கள். பட்டியலின் பெரும்பகுதி நான்கு பேரிடமிருந்து வந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் விழுப்புரத்துத் தம்பி. ஆவடியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வந்து அரசு அலுவலகம் ஒன்றில் தொலைபேசி இயக்குநராக வேலை பார்க்கும் அக்கா. சர்க்கரை நோயில் பார்வை போன, பெரம்பூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எல்லாருக்கும் ‘சார்’. அப்புறம் குறைபார்வை உள்ள ஒரு சிறப்பாசிரியர், பள்ளிப் பிள்ளைகள் சார்பாகப் பேசியவர்.

முதல் கடிதமும் அதற்கு வந்த பதிலும்

முதல் பட்டியல் வாயில் வந்தபடியே போனது. தமிழை ஒழுங்காக வாசிக்க வேண்டும். கேட்ட பக்கத்துக்குப் போக வேண்டும். பேட்டரி நிற்க வேண்டும். பொத்தான் கைக்குத் தெரிய வேண்டும். தூங்கிவிட்டால் இடம் தெரிய வேண்டும். இப்படியே இரண்டு பக்கம். ‘தங்கள் மேலான கருத்துகளுக்கு நன்றி, உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்’ என்று பதில் வந்தது, அதோடு சரி.

குழுவில் எல்லாருக்கும் கோபம். கோபம் நியாயம்தான், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய சாமான். அதே சமயம், ‘தமிழை ஒழுங்காக வாசிக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் எதையும் திருத்திவிட முடியாது என்பதும் உண்மை.

வழி சொன்னது ஆவடி அக்கா. “எங்க ஆபீஸ்ல லைன் சரியில்லைன்னு சும்மா எழுதினா லைன்மேன் வரமாட்டார் தம்பி. எந்த நம்பர், எப்போ, என்ன சத்தம் கேட்டுச்சுன்னு எழுதணும்” என்றார். கருவியிலேயே குரல் குறிப்புப் பதியும் பொத்தான் இருக்கிறது. சிக்கல் வரும் அந்த நேரத்திலேயே அதை அழுத்தி, எங்கே இருக்கிறேன், எந்தப் புத்தகம், எதை அழுத்தினேன், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்று பேசிவிட வேண்டியது. வாரக் கடைசியில் அந்தப் பதிவுகள் என்னிடம் வரும். கேட்டு எழுதுவது என் வேலை.

இப்படி வந்த பதிவுகளைக் கேட்டபோதுதான் விஷயம் பிரிந்தது. வீட்டில் உட்கார்ந்து யோசித்துச் சொன்ன கோரிக்கைக்கும் சிக்கல் நடந்த நிமிடத்தில் சொன்னதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

பொத்தான் பக்கம்

அக்காவின் பதிவு ஒன்றை அப்படியே சொல்கிறேன். பெண்கள் பெட்டி, நெரிசல், வில்லிவாக்கத்தில் ஏறிய யாரோ ஒருவரின் பை மாட்டி இயர்போன் ஒயர் கழன்றுவிட்டது. உடனே கருவி தன் ஒலிபெருக்கிக்கு மாறி, பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி தொடர்கதையின் முதலிரவுக் காட்சியை வாசிக்க ஆரம்பித்துவிட்டது. நிறுத்தும் பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் இரண்டு வரி போய்விட்டது. பதிவில் அக்காவின் குரலைவிடப் பின்னால் கேட்கும் சிரிப்புச் சத்தம்தான் அதிகம். முதல் பட்டியலில் இதே கோரிக்கை ‘இயர்போன் பின் இறுக்கமாக இருக்க வேண்டும்’ என்று இருந்தது. பின் இறுகினால் ஒயர்தான் அறுந்திருக்கும். அக்காவுக்குத் தேவைப்பட்டது வேறு: பின் கழன்றால் வாசிப்பு தானாக நிற்க வேண்டும். போன்கள் இதைப் பல காலமாகச் செய்கின்றன.

சார் இரவில் கேட்டுக்கொண்டே தூங்குபவர். தூக்க நேரம் அரைமணி என்று வைப்பார், பத்து நிமிடத்தில் கண்ணயர்ந்துவிடுவார். காலையில் கருவி நின்ற இடத்திலிருந்து தொடங்கும். நடுவில் இருபது நிமிடக் கதை காணாமல் போயிருக்கும். அவர் முதலில் கேட்டது ‘ஐந்து நிமிடத் தூக்க நேரமும் வேண்டும்’ என்பது. பதிவுகளைக் கேட்டபின் கோரிக்கை மாறியது. தூக்க நேரம் வைத்த நொடியில் கருவி தானே ஓர் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும், மறுநாள் முதல் அழுத்தலில் ‘அந்த இடத்துக்குப் போகவா’ என்று கேட்க வேண்டும்.

பொத்தான் கைக்குத் தெரியவில்லை என்று சொன்னதும் சார்தான். நடுவில் உள்ள 5-ஆம் எண்ணில் சிறிய புள்ளி ஒன்று புடைத்திருக்கும், அதை வைத்துத்தான் மற்ற எண்களைக் கண்டுகொள்வார்கள். பல வருடச் சர்க்கரை விரல் நுனி உணர்வையும் மழுக்கிவிடும். பிறவியிலிருந்தே பார்வையற்றவருக்குத் தெளிவாகத் தெரிகிற புள்ளி சாருக்குத் தட்டுப்படவில்லை. இதே காரணத்தால்தான் அவர் பிரெய்லியும் கற்க முடியாமல் விட்டார். அவர் மகள் தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து கல் வைத்த பொட்டு ஒன்றை எடுத்து 5-இன்மேல் ஒட்டினார், பதிவுப் பொத்தானுக்கு நீளப் பொட்டு. அடுத்த வாரம் குழுவில் பாதிப்பேர் கருவியில் பொட்டு. வியர்வையில் இரண்டு வாரத்துக்கொருமுறை விழுந்துவிடும், திரும்ப ஒட்ட வேண்டும். புள்ளியை உயர்த்திச் செய்யுங்கள் என்ற கோரிக்கையோடு பொட்டு வைத்த கருவியின் புகைப்படமும் நிறுவனத்துக்குப் போனது.

எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைக்க வேண்டாம். தம்பிக்குக் குறுக்குவழிகள் நிறைய வேண்டும்: ஒரு பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஒன்று, சட்டென்று விட்டால் இன்னொன்று. சாருக்கு அழுத்திப் பிடிப்பதே ஆகாது, எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்று அவர் விரல் சொல்லாது. இருவரும் ஒரு மதியம் முழுக்க இதற்காகச் சண்டை போட்டார்கள். ‘செட்டிங்ஸில் போட்டுவிடலாம்’ என்று யாரோ சமாதானம் சொல்ல, “அந்த செட்டிங்ஸுக்குப் போறதுக்கே அழுத்திப் பிடிக்கணுமே தம்பி” என்றார் சார். கடைசியில், கூடுதல் வேலைகளை எல்லாம் மூடிவைத்த எளிய முறை ஒன்று இருக்கட்டும், கருவியை முதல்முறை ஓட்டும்போதே எது வேண்டும் என்று கேட்கட்டும் என்று எழுதினோம். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. கண்பார்வை போகும் வயதில் கருவி வாங்குபவருக்கு முதல் நாளில் எது வேண்டும் என்று எப்படித் தெரியும்?

பேட்டரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உப்பிப்போன பேட்டரிக்கு மாற்று தேடி ரிச்சி தெருவில் அலையாதவர் குழுவில் குறைவு. கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை.

குரல் பக்கம்

தம்பியின் பதிவு ஒன்று இப்படித் தொடங்கும்: “திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன், என்ன சொல்லுதுன்னே புரியலை.” பின்னால் கருவி வாசிக்கிறது. மூல வாக்கியம் சாதாரணமானதுதான்: ‘உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.’ கருவி வாசித்தது: உ. ஒரு நிறுத்தம். வே. ஒரு நிறுத்தம். சா. பெரிய நிறுத்தம். பிறகு ‘ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு மைனஸ் இல்’. அவர் மூன்று மடங்கு வேகத்தில் கேட்பவர். அந்த வேகத்தில் ‘மைனஸ் இல்’ காதில் ‘இல்லை’ என்று விழுகிறது. உ.வே.சா. பதிப்பித்தாரா, இல்லையா?

ஒவ்வொரு புள்ளியையும் கருவி வாக்கிய முடிவாக எடுத்துக்கொள்கிறது. அடுத்த வாக்கியத்துக்குப் போகும் பொத்தானை அழுத்தினால் உ, வே, சா என்று மூன்று தடவை நின்று நகரும். கி.பி., ரூ., மு.வ., கட்சிப் பெயர்கள் எல்லாம் இதே கதி. தேர்வு நூல்களில் இவை இல்லாத பக்கமே இல்லை.

உச்சரிப்பும் தனிப் பிரச்சினை. கடல், தங்கம், பகல் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதற்கு விதி உண்டு, இயந்திரம் அதைப் பிடித்துக்கொள்ளும். காந்தி, பாரதி, பஸ் போன்ற சொற்களின் முதலெழுத்து விதிக்குள் வராது, சொல் சொல்லாக அகராதியில் ஏற்ற வேண்டும். ஆகவே வாசகரே தன் கருவியில் சொல்லையும் உச்சரிப்பையும் பதிந்துகொள்ள ஓர் அகராதி வேண்டும் என்பது குழுவின் கோரிக்கை. நல்ல கோரிக்கை என்று இன்றும் நினைக்கிறேன். சிறப்பாசிரியர் இன்னொன்றும் சேர்த்தார்: வேகத்தைப் புத்தகவாரியாக நினைவில் வைக்க வேண்டும். பிள்ளைகள் நடப்பு நிகழ்வுகளைப் பறக்கவிட்டுக் கேட்டுவிட்டு அடுத்துக் குறளைத் திறந்தால் அதுவும் அதே வேகத்தில் ஓடிவிடுகிறது.

இரண்டாவது கடிதத்துக்கு வந்த பதிலில்தான் ஒன்று தெரிந்தது. குரல் கருவி நிறுவனத்துடையது அல்ல. வேறொரு நிறுவனத்திடம் உரிமம் பெற்று உள்ளே வைத்திருக்கிறார்கள். எண்ணையும் விகுதியையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது என்பது அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. தமிழுக்குக் குரல் பஞ்சம் இருப்பதாக இதற்கு அர்த்தமில்லை. சென்னை ஐஐடியில் இந்திய மொழிகளுக்கான பேச்சுத் தொழில்நுட்ப ஆய்வு பல ஆண்டுகளாக நடக்கிறது, இலவசமாகக் கிடைக்கும் இஸ்பீக் என்ற குரல் மென்பொருளும் தமிழ் வாசிக்கிறது. தம்பிக்கு அந்த இயந்திரத்தனமான இஸ்பீக் குரல்தான் பிடிக்கும், வேகத்தில் குழையாது என்பார். கருவிக்குள் எது ஏறும் என்பதை வணிக ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது.

புத்தகத்தின் பக்கம்

பட்டியலில் எடை அதிகம் இருந்தது இங்கேதான், யாரும் எதிர்பார்க்கவில்லை.

‘கருவி சில தமிழ்ப் புத்தகங்களை ஆங்கிலத்தில் உளறுகிறது’ என்பது ஒரு புகார். தம்பி பதிந்து அனுப்பியதைக் கேட்டேன். கருவி ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ என்று நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. தட்டச்சுப் பழகியவர்களுக்கு உடனே புரியும். அது பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள், திரையில் தெரியும் வடிவம் மட்டும் தமிழ். கண்ணால் பார்ப்பவருக்குக் குறையே தெரியாது. கருவி உள்ளே இருப்பதை உள்ளபடி வாசித்திருக்கிறது, அதன்மேல் குற்றமில்லை. கோப்புக்குள்ளும் தமிழ் எழுத்தாகவே வைக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் பயிற்சி மையங்களின் குறிப்புகளும் அச்சக வேலைகளும் இன்னும் பழைய எழுத்துருக்களிலேயே வந்துகொண்டிருக்கின்றன.

யூனிகோடில் செய்த பிடிஎஃப் கோப்பும் தப்பிப்பதில்லை. அதிலிருந்து எழுத்தை உருவும்போது பலசமயம் ‘கொ’ என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். கண்ணுக்குச் சரியான வரிசை, கருவிக்கு அது சொல்லே அல்ல.

பக்கம் 112 விவகாரமும் இதில்தான் சேரும். பயிற்சி வகுப்பில் ‘112-ஆம் பக்கம் எடுங்க’ என்பார்கள். மற்றவர்கள் புரட்டுவார்கள், தம்பி எண்ணை அழுத்துவார், ‘இந்தப் புத்தகத்தில் பக்கங்கள் இல்லை’ என்று கருவி சொல்லும். அவர் அதைக் கருவியின் குறையாகவே எழுதியிருந்தார். பக்கத்துக்குத் தாவும் வசதி கருவியில் முதலிலிருந்தே இருக்கிறது. அவருக்குக் கிடைத்த சமச்சீர்ப் பாடநூலை யாரோ நல்ல மனதோடு வாசித்து, ஒரே நீள எம்.பி.3 கோப்பாகக் கொடுத்திருந்தார்கள். தலைப்பும் இல்லை, பக்கமும் இல்லை. கேசட் காலத்துக்குத் திரும்பிப் போன மாதிரிதான்.

ஆக, புத்தகம் செய்பவர்களிடம் போக வேண்டியிருந்தது. புத்தகம் செய்பவர்கள் யார்? நாமேதான், அதாவது வாசித்துக் கொடுக்கும், தட்டச்சு செய்யும் தன்னார்வலர்கள். சட்டம் தடையாக இல்லை. பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூல்களை மாற்றிக்கொள்ள 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வழி செய்தாகிவிட்டது. இதே நோக்கத்துக்காக 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான்.

செய்தது என்னவென்றால், புதிதாக ஒரு நூலைத் தொடுமுன் சுகம்ய புஸ்தகாலயாவில் தேடுவது. 2016-இல் தொடங்கிய இந்த இணைய நூலகத்தில் ஏற்கெனவே இருந்தால் உழைப்பு மிச்சம். இல்லையென்றால் பழைய எழுத்துருக் கோப்பை என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக்குவது. வேர்டில் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியே கொடுப்பது. எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் கண்ணுக்குத் தலைப்பு, கருவிக்கு அது வெறும் வரி. பிறகு அச்சுப் பக்க எண்களைக் குறித்து, டெய்சி கூட்டமைப்பு இலவசமாகத் தரும் மென்பொருளால் இபப் ஆக்குவது. கிண்டியில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் சிறு பைத்தான் நிரல் எழுதித் தந்தார். அது ‘1887-இல்’ என்பதை ‘ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழில்’ என்று மாற்றும், ‘உ.வே.சா.’வின் புள்ளிகளை எடுத்துவிடும். குரல் நிறுவனத்திடம் கேட்டு நடக்காதது புத்தகத்திலேயே சரியானது. சில சமயம் நிரல் தொடக்கூடாத புள்ளியையும் தின்றுவிடும், ஆகவே ஒருவர் கேட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறோம்.

தம்பி இப்போது வகுப்பில் 112 என்று அழுத்தினால் 112 வருகிறது. இந்த ஒரு பாடநூலுக்குப் பக்கம் குறிக்கப் பிடித்த நேரத்தில் நாவல் இரண்டை முடித்திருக்கலாம் என்று சார் செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

இரண்டாவது கடிதத்தின் பலன்

பிரித்தபின் நிறுவனத்துக்குப் போன கடிதம் சிறியது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு குரல் பதிவு, எந்தப் புத்தகத்தில் நடந்ததோ அந்தக் கோப்பு, ஆங்கிலத்தில் நான்கு வரி விளக்கம். இம்முறை பொறியாளர் ஒருவரே பதில் எழுதினார், கேள்விகளும் கேட்டார். அடுத்து வந்த மென்பொருள் மேம்படுத்தலில் இயர்போன் கழன்றால் நிற்கும் வசதி வந்தது. தூக்க நேரம் வைத்த இடத்தின் அடையாளமும் வந்தது, ஆனால் தானாகக் கேட்காது, அடையாளப் பட்டியலில் போய்த் தேட வேண்டும். சாருக்கு இது பாதிப் பலன். புத்தகவாரி வேகம் சேர்ந்தது. புள்ளியை உயர்த்த அச்சு வார்ப்பையே மாற்ற வேண்டும், இந்த மாடலில் முடியாது என்றார்கள். பொட்டுப் புகைப்படத்தை வடிவமைப்புக் குழுவுக்கு அனுப்பியதாக எழுதியிருந்தார்கள். பேட்டரிக்கு நேரான பதில் இல்லை. எளிய முறையும் உச்சரிப்பு அகராதியும் ‘பரிசீலனையில்’.

தமிழில் தேடுவது அப்படியே நிற்கிறது. எண் பொத்தான்களில் ஆங்கில எழுத்துகள் மட்டும் உண்டு, தமிழ்ச் சொல்லை உள்ளிட வழியில்லை. பழைய பொத்தான் போன்களில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியவர்கள் நாம், ஆகவே முடியாத காரியம் அல்ல. எந்தப் பொத்தானில் எந்த எழுத்து என்ற வரைபடத்தைச் சிறப்பாசிரியர் தயாரித்துக்கொண்டிருக்கிறார்.

அட்டவணைகள் இன்னொரு தலைவலி. நூல் ஒரு பக்கம், ஆசிரியர் ஒரு பக்கம் என்று பாடநூலில் வரும் கட்டங்களைக் கருவி இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் வாசித்துவிடும், எது யாருடையது என்று பிடிபடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தலைப்பைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்கிறார் தம்பி. பிள்ளைகள் சலித்துப்போவார்கள் என்கிறார் சிறப்பாசிரியர். இப்போதைக்கு இரண்டு நெடுவரிசை அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் வாக்கியமாகவே எழுதிவிடுகிறார்கள். ஐந்து நெடுவரிசை வந்தால் யாரும் தொடுவதில்லை. மூன்றாவது கடிதத்தில் அதை முதல் கோரிக்கையாக வைப்பதா, அல்லது அதுவும் புத்தகம் செய்பவர் வேலையா என்று குழுவில் இன்னும் பேச்சு முடியவில்லை.